உப்புக்கட்டி ஏற்றிப் பார்த்த பை

ஐடஹோ மாநிலத்தின் சால்மன் ஊரில் வெர்னா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். வயது ஐம்பத்தேழு. போன குளிர்காலத்தில் பனியில் வழுக்கி விழுந்து முதுகுத்தண்டில் ஒரு வட்டு நகர்ந்துபோனது. வருஷா வருஷம் போகும் மான் வேட்டைக்கு இந்த முறையும் மலையேறலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தம்பி டெல்பர்ட்தான் சொல்லவில்லை.

"அக்கா, இந்த வருஷம் நீ கூடாரத்துலயே இரு. சமையலப் பாத்துக்கோ. மான நாங்க சுட்டுக்கறோம்."

அவர்கள் வேட்டைக் கூடாரத்தில் ஒரு விதி உண்டு. தன் இறைச்சியைத் தன் முதுகில் சுமக்க முடியாதவர் துப்பாக்கியைத் தொடக் கூடாது. ஒரு முறை சமையலுக்கு உட்கார்ந்தவர் மறுபடி வேட்டைக்கு எழுந்ததில்லை. வெர்னாவுக்கு அது நன்றாகத் தெரியும். பயமாகவும் இருந்தது.

"அத முதுகு சொல்லட்டும். நீ சொல்லாத" என்றாள்.

மறுநாள் வேட்டைச் சாமான் கடைக்குப் போனாள். இறைச்சி சுமக்க முதுகுப்பை கேட்டாள். விற்பனைக்காரன் இறகு போல லேசான ஒரு பையை எடுத்து நீட்டினான்.

"போட்டுப் பாருங்கம்மா. போட்ட மாதிரியே இருக்காது."

"காலியா இருந்தா எந்தப் பைதான்யா வலிக்கும்?"

வெளியே போய்த் தன் வண்டியிலிருந்து மாடு நக்கும் உப்புக்கட்டியைத் தூக்கி வந்தாள். ஐம்பது பவுண்டு. விற்பனைக்காரன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! இறகுப் பை பத்தே அடியில் தோளை அறுத்தது. இரண்டாவது பையின் இடுப்புப்பட்டை வயிற்றுக்கு நழுவியது. மூன்றாவது, மூலையில் கிடந்த பழுப்பு நிறப் பை, பார்க்கவே சகிக்காது. காலியாகவே ஏழு பவுண்டு. அதன் உலோகச் சட்டத்தைத் தன் முதுகின் நீளத்துக்கு இறக்கி, பட்டையை இடுப்பெலும்பின் மேல் இறுக்கினாள். பாரம் இடுப்பில் போய் உட்கார்ந்தது. தோளில் கிடந்த வாருக்கடியில் இரண்டு விரல் நுழைந்தது.

அப்படியே கடைக்குள் ஒரு மணி நேரம் நடந்தாள். வந்தவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டுமே! அந்தப் பையையே வாங்கினாள்.

அக்டோபர் இரண்டாம் வாரம், விடிந்த கொஞ்ச நேரத்தில், ஒரே குண்டில் பெட்டை எல்க் மான் ஒன்றை வீழ்த்தினாள். கூடாரம் ஒன்றரை மைல் கீழே. எலும்பு நீக்கியும் மூன்று நடைக்கு இறைச்சி இருந்தது.

முதல் நடை சுலபமாகப் போனது. இரண்டாவது நடையில், சரளைச் சரிவின் நடுவில், இடது கால் மரத்துப்போனது. பனியில் விழுந்த நாளன்றும் அப்படித்தான் மரத்தது. பாறையில் சாய்ந்து நின்று மூச்சு வாங்கினாள். நடந்ததில் பட்டை ஒரு விரல் கீழே இறங்கியிருந்தது. பாரத்தைக் குலுக்கி ஏற்றி மறுபடி இறுக்கினாள். கொஞ்ச நேரத்தில் கால் விரல்களில் உணர்வு திரும்பியது. நடந்தாள்.

மூன்றாவது நடைக்கு மேலே ஏறியபோது டெல்பர்ட் மானருகே நின்றிருந்தான்.

"ஒரு தொடையாவது குடு அக்கா. வீம்பு பண்ணாத."

"என் மான்டா இது. நவுரு."

கடைசிப் பாரத்தை ஏற்றிப் பட்டையைப் பூட்டினாள். பிறகு துணியில் சுற்றி வைத்திருந்த மானின் இதயத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள். மான் விழுந்த அன்றிரவே அதை வெங்காயத்தோடு வதக்கித் தின்பது அவர்கள் வழக்கம்.

"இத நீ எடுத்துட்டு முன்னால போ. நான் வந்து சேர்றதுக்குள்ள வெங்காயத்த நறுக்கி வை."