கிழித்துக்கொண்டு போன பக்கம்

காலேஜ் புராஜெக்டுக்காக நாங்கள் நாலு பேர் பதின்வயதுக்காரர்களுக்கென்று ஒரு இசைப் பத்திரிகை செய்தோம். காட்டிய இடமெல்லாம் "சூப்பர்" என்றார்கள். அக்கா மட்டும் சிரித்தாள். "உன் மூஞ்சிக்கு நேரா வேற இன்னா சொல்லுவாங்க? எங்க பஸ் ஸ்டாப்புக்கு வா. நீ செஞ்சதுன்னு மூச்சு வுடாத."

அக்கா வேலை பார்க்கும் ஒரகடம் ஃபேக்டரியின் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றவர்கள் பெரும்பாலும் என் வயசுப் பெண்கள். அக்கா பத்திரிகையைக் கொடுத்தாள். நான் யாரோ மாதிரி ஓரமாக நின்றேன். பார்த்துப் பார்த்து வரைந்த அட்டையை ஒருத்திகூடக் கவனிக்கவில்லை. உள்ளே நாங்கள் போட்டிருந்த பேட்டியைப் படிக்காமலே புரட்டித் தள்ளினார்கள். பஸ் வந்தது. அப்போது ஒருத்தி சர்ரென்று ஒரு பக்கத்தைக் கிழித்தாள்.

"ஏன்டி கிழிக்கிற?" என்று அக்கா அதட்டினாள்.

"லைனுக்குள்ள போன் எடுத்துக்கினு போவ வுட மாட்டாங்க இல்லக்கா? இந்தப் பாட்டத்தான் முணுமுணுத்துக்கினே வேல பாப்பேன். ரெண்டாவது சரணம் மறந்து மறந்து போவுது."

பக்கத்தை மடித்து ஐடி கார்டு உறைக்குள் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள். காலி இடத்தை அடைக்க நான் போட்ட பாட்டு வரிகள் அவை. மீதிப் பத்திரிகை பெஞ்சிலேயே கிடந்தது.

திருத்திய பதிப்பில் பாட்டுப் பக்கங்களைக் கூட்டினோம். கிழிக்க வசதியாக ஓரத்தில் புள்ளிக்கோடும் போட்டோம். இன்றைக்கும் ஒவ்வொரு இதழையும் பயந்துகொண்டேதான் கொடுக்கிறேன், ஒரு பக்கமும் கிழியாமல் திரும்பி வந்துவிடுமோ என்று.