தக்கைத் துண்டுகள்

கரைதான் கண்ணுக்குத் தெரிகிறதே, சின்னப் படகுக்கு மிதவைச் சட்டை எதற்கு என்று இன்றைக்கும் யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் எதிர்த்துப் பேசாமல் எழுந்து போய்விடுவேன். பேச எனக்கு யோக்கியதை இல்லை.

எண்பதுகளில் ஒரு புயலுக்குப் பிறகு, எங்கள் குப்பத்தில் ஆளுக்கொரு மிதவைச் சட்டை கொடுத்தார்கள். நல்ல ஆரஞ்சு நிறம். என் வீட்டுக்காரர் ஒரே ஒரு நாள் அதைப் போட்டுக்கொண்டு போனார்.

“இத்த மாட்டிக்கினு எவன் வலை இழுப்பான்? உள்ள இருக்கிற தக்கைய அறுத்து வலைக்குக் கட்டு, நல்லா மிதக்கும்” என்றார்.

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. வலைக்கு மிதவை போதாமல்தான் இருந்தது. அரிவாள்மனையில் உட்கார்ந்து, மீனைத் துண்டு போடுவதுபோலச் சீராக அறுத்தேன். துளை போட்டு, வலையின் மேல்கயிற்றில் நானே கோத்தேன்.

அந்த ஐப்பசியில் ஒரு காலை, ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் அலை படகைக் கவிழ்த்தது. கூடப் போனவர் படகைப் பிடித்துக்கொண்டே கரை சேர்ந்தார். இவருக்குப் பிடி நழுவிவிட்டது. மூன்றாம் நாள் வலை ஒதுங்கியது. அவர் ஒதுங்கவேயில்லை.

“வலையாவது கெடச்சுதேம்மா” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. ஆறுதலாகத்தான் சொன்னாள்.

தக்கைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து மணலில் ஒட்ட ஒட்ட வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடக் குறையவில்லை. அவருடைய மார் அகலத்துக்குச் சரியாக இருந்தது.