ஷேக் பயூமியின் கையில் கேட்ட சத்தம்

எகிப்தில், தமன்ஹூரில் எங்கள் தெருவுக்கு வாட்ச் ரிப்பேர் என்றால் ஷௌகி கலீஃபா ஒருவன்தான். அவன் கடைக்கும் என் இஸ்திரிக் கடைக்கும் நடுவே ஒரு பலகைத் தட்டி. முப்பத்திரண்டு வருஷமாகத் தட்டிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவனுடைய முணுமுணுப்பு. டீயில் சர்க்கரை கூடினாலும் குறை, குறைந்தாலும் குறை. காலைச் சாப்பாட்டுக்கு ஃபூல் பருப்பு வாங்கி வந்தால் வேகவில்லை என்பான், வெந்திருந்தால் குழைந்துவிட்டது என்பான். இப்படி ஊரையே குறை சொல்கிறவன் வேலையை மட்டும் யாரும் குறை சொன்னதில்லை. காசு சேர்க்கத் தெரியாதவன். இருந்தது அந்த நல்ல பேர் ஒன்றுதான். அதற்கும் போன குளிர்காலத்தில் வேட்டு வந்தது, அதுவும் பள்ளிவாசலிலிருந்து.

எங்கள் பள்ளிவாசல் இமாம் ஷேக் பயூமி ஒரு பழைய ஆட்டோமேட்டிக் வாட்ச் கட்டியிருப்பார். சாவி கொடுக்க வேண்டாம். உள்ளே ஓர் அரைவட்டத் தகடு, அதற்கு ரோட்டர் என்று பெயர். கை அசைய அசைய அது சுற்றி வாட்சை ஓட்டும். ஷௌகிதான் அதைச் சுத்தம் செய்து எண்ணெய் போட்டுக் கொடுத்தான். சத்தமே இல்லாமல் ஓடியது. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் தொழுகையில் ஷேக் இரண்டு கைகளையும் காதுவரை உயர்த்தி "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் சொன்னார். அவர் கழுத்துப்பட்டையில் மைக். அந்த வாட்ச் மைக்கை உரசாத குறையாக மேலே போக, ஒலிபெருக்கியில் "கர்ர்ர்" என்று ஒரு சத்தம்.

ஒரு தொழுகைக்கு எத்தனை தக்பீர்! தக்பீருக்குத் தக்பீர் "கர்ர்ர்". வாட்சைக் கடைசியாகத் திறந்தது யார் என்று தெருவுக்கே தெரியும். தொழுகை முடிந்து செருப்பு மாட்டும் இடத்திலேயே உஸ்தா, அதாவது மேஸ்திரி, என்று கூப்பிட்டுத் தொடங்கிவிட்டார்கள்.

"என்ன உஸ்தா, ஷேக் தக்பீர் சொன்னா உன் வேலை ஆமீன் சொல்லுது!"

"அடுத்த தடவை கோதுமை அரைக்கணும்னா மில்லுக்குப் போக வேண்டாம்ப்பா, நம்ம ஷேக்கோட கையைப் பிடிச்சாப் போதும்!"

ஷௌகி அன்றே வாட்சை வாங்கிக்கொண்டு வந்தான். பின்மூடியைத் திறந்தவன் ஐந்து நிமிஷம் பேசவில்லை. அவன் ஐந்து நிமிஷம் பேசாமல் இருந்தால் ஏதோ விபரீதம் என்று நான் தட்டியைச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். மூடியின் உள்பக்கத்தில் புதிதாக எழுத்து வெட்டியிருந்தது: அல்லாஹ்வே சிறந்த காவலன்.

விஷயம் இதுதான். இலையுதிர் காலத்தில் ஷேக் வந்த மைக்ரோபஸ் வாய்க்காலில் கவிழ்ந்தது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. நன்றியாக அந்தக் குர்ஆன் வசனத்தை வாட்சில் வெட்டச் சொல்லியிருக்கிறார். வெளிப்பக்கம் வெட்டினால் அதோடு கழிப்பறைக்குப் போக முடியாதே, அதனால் உள்பக்கம். வெள்ளிக் கடைக்காரன் உளியை அழுத்தி வெட்டியதில் எழுத்தின் ஓரமெல்லாம் மயிரிழை அளவு மேலே எழும்பிவிட்டது. ரோட்டர் சுற்றும்போதெல்லாம் அதில் போய் உரசியது.

"தேய்ச்சு விட்டுடு, ரெண்டு நிமிஷ வேலை" என்றேன்.

"எதைத் தேய்க்கச் சொல்றே? படிச்சுப் பார்த்தியா நீ? அந்தப் பேரை அரம் போட்டுத் தேய்க்க எனக்குக் கை வருமாடா?"

எனக்கும் வராது.

தடித்த வாஷர் போட்டு மூடியைக் கொஞ்சம் உயர்த்திப் பார்த்தான். சத்தம் நின்றது, ஆனால் ஷேக் ஒரு நாளைக்கு ஐந்து வேளை தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்கிறவர். மூன்றாம் நாள் கண்ணாடிக்குள் தண்ணீர் கோத்துக்கொண்டது. கெய்ரோவுக்கு ரயிலேறிப் போய் வேறு மூடி தேடி வாங்கி வந்தான். ஷேக் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"அந்த மூடியை மாத்தினா வாட்ச் எதுக்கு எனக்கு?"

"அப்ப தொழ வைக்கிற நேரம் மட்டும் கழட்டி வைங்க ஷேக். மைக்குல கேக்காது."

"இது கையில இருந்ததாலதான் நான் உசிரோட வந்தேன், ஷௌகி."

"அப்ப இந்த எழுத்து இல்லையே ஷேக்! எழுத்து ரோட்டர்ல உரசுது, அதான் சத்தம். வேற ஒண்ணுமில்ல."

ஷேக் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். "அப்ப குத்தம் அல்லாஹ் பேர்லயா, உன் வேலையிலயா?"

ஷௌகி பழைய வாஷரைப் போட்டு, சத்தத்தோடு வாட்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு காலர் கருகின.

தெருவில் உண்மையைச் சொல்லித் தொலையேன் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "சொன்னா எப்படிப் பரவும் தெரியுமா? 'அல்லாஹ் பேரால வாட்ச் கெட்டுப்போச்சுன்னு ஷௌகி சொல்றான்'னு பரவும். நீயும் வாயைத் திறக்காதே" என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். ஊர் வாய்க்கு அல்லாஹ்வின் பேரைக் கொடுக்கக் கூடாது என்று நினைத்தான், தன் பேரைக் கொடுத்துவிட்டான். வாட்ச் வருவது குறைந்தது. மருந்துக்கடை தர்வத் ஒரு வாட்ச் பட்டை மாற்ற அலெக்சாந்திரியாவுக்குப் போனான். பட்டை மாற்ற! ஷௌகி அதைக் கேட்டு முணுமுணுக்கக்கூட இல்லை. அடுத்த வெள்ளியிலிருந்து தண்டவாளம் தாண்டி வேறு பள்ளிவாசலுக்குத் தொழப் போனான். "அந்தச் சத்தம் கேட்டா எனக்குத் தொழுகை ஓட மாட்டேங்குது" என்றான்.

எத்தனை நாள்தான் பொறுப்பது? ஒரு வியாழக்கிழமை ஷேக்கின் ஜுப்பாவைத் தேய்த்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன்.

"ஷேக், கோபப்படாதீங்க. அல்லாஹ்வோட பேருக்கு ஒரு சொல் வரக் கூடாதுன்னு அந்தப் பய தன் பேரைக் கெடுத்துக்கிட்டு உக்காந்திருக்கான். நீங்க பாத்துக்கிட்டுத் தொழ வைக்கிறீங்க. இது எந்தக் கிதாபுல இருக்கு?"

அவர் ஜுப்பாவை வாங்கி ஆணியில் மாட்டினார், கதவைச் சாத்திக்கொண்டார். என் சத்தியமும் போனது, வாடிக்கையும் போனது என்று திரும்பினேன்.

மறுநாள் ஜும்ஆ உரை பாதியில் நின்றது. ஷேக் வாட்சைக் கழற்றி மைக்குக்கு முன்னால் பிடித்து ஆட்டினார். கர்ர்ர். சபையில் சிலர் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க. இது ஷௌகி கலீஃபா வேலையில வந்த சத்தம் இல்ல. நான் உள்ளே எழுத்து வெட்டினதால வந்தது. அவர் என்கிட்ட உண்மையைச் சொன்னார். நான் வார்த்தையால மடக்கினேன். ஷௌகி கலீஃபா என்னை மன்னிக்கணும்" என்றார். வாட்சைத் தொழுகை மாடத்தில் வைத்துவிட்டுத் தொழ வைத்தார். முதல் தக்பீருக்கு அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். ஒரு சத்தமும் இல்லை.

தெருவில் கைக்குழந்தை வரைக்கும் கேட்டது. கேட்காத ஒரே ஆள் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தான்.

சனிக்கிழமை காலை ஷௌகி கடையைத் திறக்கும்போதே நாலு பேர் நின்றார்கள். சரி, புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். தர்வத்தான் முதலில் வாட்சை நீட்டினான்.

"உஸ்தா, ஷேக்குக்கு இருக்கிற மாதிரி என் மூடிக்கு உள்ளேயும் அந்த வசனத்தை வெட்டிக் கொடுத்துடு."

மற்ற மூவருக்கும் அதே. உரையில் அவர்கள் காதில் விழுந்தது அவ்வளவுதான்!

"போங்கய்யா வெளியே! ஒண்ணு அரைச்சது போதாதா?" ஷௌகி கத்திய கத்தலில் தெருமுனை தஅமியா வடை வண்டிக்காரன் எட்டிப் பார்த்தான். அவர்கள் போனதும் தட்டிக்கு அந்தப் பக்கம் இழுப்பறையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

பிறகு மெதுவாக, "ஹம்தி, ஷேக் நேத்து ஏதோ பேசினாராமே?"

நான் சொன்னேன். நம்பவில்லை. திரும்பச் சொன்னேன்.

"மைக்கிலயா சொன்னார்?"

"மைக்கிலதான்டா."

"ஷௌகின்னு மட்டும் சொன்னாரா?"

"ஷௌகி கலீஃபான்னு. உங்க அப்பா பேரோட சேர்த்து. ரெண்டு தடவை."

"இன்னொரு தடவை சொல்லு."

மதியத் தொழுகைக்குள் ஏழு தடவை சொல்லிவிட்டேன். கையில் இருபது சட்டை பாக்கி, தொண்டை வறண்டு போயிற்று. டீ கொடுத்தனுப்பி, எட்டாவது தடவையும் கேட்டான்.