சுகந்தி அடுக்கிய கிட்டார் பெட்டி

மேலகரத்துச் சுகந்தியை எங்கள் கச்சேரிக் குழுவுக்குக் கூட்டி வந்தது நான்தான். குழுவில் நான் கீபோர்டு வாசிக்கிறவன். அவளோ எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்துவிட்டுத் தென்காசியில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் பிச்சைமணி பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் டெம்போ ஓட்டுகிறான்.

"நாள் பூரா போனுக்குக் கண்ணாடி ஒட்டுதேன் அண்ணே. இதுக்கா மூணு வருசம் படிச்சேன்?" என்று ஒருநாள் கேட்டாள். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. எங்கள் கிட்டாரிஸ்ட் பென்னி வீட்டுக்கு அவளை அழைத்துப் போனேன்.

பென்னி அப்போதுதான் ஒரு ரேக் வாங்கியிருந்தான். மேடைத் தரையில் சிதறிக் கிடக்கும், சுருதி பார்க்கிற ட்யூனர், எதிரொலி தருகிற எக்கோ, சத்தத்தை முரடாக்குகிற டிஸ்டார்ஷன், பெருக்குகிற ஆம்ப் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி வைக்கிற இரும்புப் பெட்டி அது. வைத்தவன் மேலிருந்து கீழே வரிசையாக வயரையும் கொடுத்துவிட்டான். எக்கோவைத் தாண்டி டிஸ்டார்ஷனுக்குப் போன சத்தம் கூழாகிக் கொட்டியது. அதைத்தான் புது ஸ்டைல் என்று அவன் எங்களிடம் சாதித்துக்கொண்டிருந்தான்.

சுகந்தி பெட்டியைச் சுற்றிவந்து பார்த்தாள். "பெட்டில அடுக்குற வரிசை வேற, சத்தம் போற வரிசை வேற அண்ணே. கனமான ஆம்ப் அடியில இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியணும்னு ட்யூனரை மேல வைங்க. ஆனா வயரு மொதல்ல டிஸ்டார்ஷனுக்குப் போவணும், பெறவுதான் எக்கோ."

இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தாள். கரண்டு வயர்கள் இடப்பக்கம், சத்த வயர்கள் வலப்பக்கம். இரண்டும் ஒட்டிப் போனால் உறுமும் என்றாள். ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் ஒரே நிறத்தில் நகப்பூச்சு வைத்தாள். மேடையில் வயரைச் சட்டென்று சொருக முன்பக்கம் பன்னிரண்டு துளைகளோடு ஒரு பலகையும் பொருத்தினாள். சுவிட்சைப் போட்டபோது பெட்டியில் சின்ன இரைச்சல்கூட இல்லை. பென்னி ஒற்றைத் தந்தியைத் தட்டிவிட்டு, அது அடங்கும்வரை காதைக் கொடுத்து நின்றான்.

குழுத் தலைவர் ஆவுடைநாயகம் அண்ணாச்சிக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. "குற்றாலத்துல ஒரு கல்யாண ரிசப்ஷன் வருது. அன்னைக்குச் சத்தம் சுத்தமா இருந்தா சீசன் பூரா சவுண்டு உனக்கு. இல்லன்னா மதுரையில இருந்து ஆளைக் கூப்பிட்டுருவேன்" என்றார். சுகந்தி அன்றைக்குக் கடையில் லீவு சொல்லிவிட்டு வந்தாள்.

சாயங்காலம் சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. சுகந்தி பந்தலின் மறுகோடியில் ஸ்பீக்கருக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தாள். புதுப் பெட்டி மேடையேறுகிறதே என்று அண்ணாச்சி சந்தனமும் குங்குமமும் கொண்டுவரச் சொன்னார். எங்கள் பக்கம் பொட்டு வைக்காமல் மிக்சியைக்கூட ஓட்ட மாட்டோம். பெட்டியின் நெற்றியில் ஒன்று வைத்தவர், பலகையைப் பார்த்ததும் பக்தி மிகுந்து, பன்னிரண்டு துளைகளிலும் குழைத்த சந்தனத்தை அப்பினார். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். கடைசி நேரத்தில் ஓடிவந்த பென்னிக்குச் சாமி பொட்டைத் துடைக்க மனசு வரவில்லை. அதன் மேலேயே வயரைச் சொருகிவிட்டான்.

முதல் பாட்டிலேயே கிட்டார் கரகரவென்று அறுந்து அறுந்து வந்தது. பாட்டு நின்றது. அண்ணாச்சி கையில் மைக்கோடு திரும்பினார்.

"என்னட்டி வேலை பாத்திருக்கே? போனுக்குக் கண்ணாடி ஒட்டுதவளை நம்பி மேடையேறினேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

பந்தல் முழுக்க அது கேட்டது. பந்தியில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அந்த நொடியே சந்தனம் ஞாபகம் வந்தது. ஆனால் பன்னிரண்டு வருஷமாகக் கச்சேரி கொடுக்கிற மனுஷரை எதிர்த்து எப்படிப் பேசுவது? வாயை மூடிக்கொண்டு கீபோர்டைப் பார்த்தேன். கேவலமான புத்திதான்.

சுகந்தி மறுகோடியிலிருந்து வந்தாள். மேடையேறி கிட்டாருக்கு வேறொரு வயரை மாட்டி நேராக ஆம்பில் சொருகினாள். சத்தம் சுத்தமாக வந்தது. பிறகு எக்கோவையும் சேர்த்துப் பார்த்தாள், சுத்தம். டிஸ்டார்ஷன் சேர்ந்த பிறகும் கோளாறு இல்லை. பலகை வழியாகக் கொடுத்ததும் மறுபடி கரகரப்பு. வயரைப் பிடுங்கி முனையைப் பார்த்தாள், மஞ்சளாக இருந்தது. மோந்து பார்த்தாள். முனையைத் துடைத்துவிட்டு, பலகையை அப்படியே விட்டுவிட்டு, பெட்டிக்குப் பின்னால் மண்டியிட்டு, நகப்பூச்சு நிறம் பார்த்து ஒவ்வொரு வயரையும் கருவிகளில் நேருக்கு நேர் மாட்டினாள். எட்டு நிமிஷம் ஆனது. பென்னி தந்தியைத் தட்டினான். மணி மணியாக வந்தது.

அப்புறம்தான் அண்ணாச்சியிடம் போனாள்.

"துளைக்குள்ள சந்தனம் போயிருக்கு அண்ணாச்சி. வயர்ல கோளாறு இல்ல."

அண்ணாச்சிக்கு முகம் கறுத்துவிட்டது. "சரி சரி, மெதுவாச் சொல்லு. ஆளுவ இருக்காவல்லா?"

"நீங்க ஏசுனது மைக்ல போச்சு அண்ணாச்சி."

குரலை அவள் உயர்த்தவில்லை. அவர் ஸ்டாண்டில் மாட்டியிருந்த மைக்கைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். அவர் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நீட்டிய கையை அவள் இறக்கவில்லை.

அண்ணாச்சி வாங்கிக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"சவுண்டு, நம்ம மேலகரம் சுகந்தி. கோளாறு அந்தப் பிள்ள மேல இல்ல, நான் பண்ணுனது. சீசன் முடியுதமட்டும் நமக்கு அதுதான் சவுண்டு."

கல்யாண வீட்டார் கைதட்டினார்கள். பென்னி கிட்டாரை இடுக்கிக்கொண்டு தட்டினான். நானும் தட்டினேன். அந்த மைக்கை முதலில் வாங்கிப் பேசியிருக்க வேண்டியவன் நான்.