வெள்ளைத் தாள், ஊதா முத்திரை

பார்வையற்றவர்களும் பயன்படுத்தக்கூடிய விதமாக இணையத்தளத்தில் எப்படி எழுதுவது, படங்களுக்கு எப்படி விளக்கம் கொடுப்பது என்று அலுவலகங்களுக்குப் போய்ப் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை. என்னோடு வருகிற அண்ணை வெள்ளவத்தைக்காரர். பிறவியிலேயே பார்வை இல்லை. பட்டதாரி. பயிற்சி நடக்கும் நாளுக்கு மட்டும் சம்பளம்.

கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஓர் அரச அலுவலகத்துக்குப் போயிருந்தோம். தமிழ்ப் பிரிவுக்குப் பொறுப்பான மிஸ் தேநீரோடு வந்து, அண்ணையைக் காட்டி என்னிடம் கேட்டார்: "சேருக்கு சீனி போடுறதா?"

"காது நல்லாக் கேக்குது மிஸ்," என்றார் அண்ணை. "ரெண்டு கரண்டி போடுங்கோ. அவனைக் கேட்டால் ஒண்டெண்டுதான் சொல்லுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு நன்றாகவே படித்தார்கள். அண்ணையின் கைபேசி எழுத்தையெல்லாம் வாசித்துக்கொண்டு போய், விளக்கமில்லாத படத்தைக் கண்டதும் "படம்" என்று மட்டும் சொல்லித் தாண்டிவிடுவதைக் கேட்டு மிஸ் உண்மையாகவே கவலைப்பட்டார். முடிவில் அண்ணையை நடுவில் நிறுத்திக் குழுப்படம் எடுத்தார்கள். அப்போது மிஸ் சொன்னார்: "எங்கட பிரிவுக்கு மொழிபெயர்ப்பாளர் எடுக்கப் போறம். நீங்களும் போடுங்க சேர். அறிவித்தல் எங்கட தளத்திலதான் வரும். இனி உங்களுக்கும் வாசிக்க ஏலும்தானே."

பஸ்ஸில் வரும்போது அண்ணை அதையே கதைத்துக்கொண்டு வந்தார். நிரந்தர வேலை. அடுத்த பிறந்தநாளோடு அவருக்கு வயதெல்லை கடந்துவிடும். அதற்குப் பிறகு இப்படி ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. "பென்சனும் இருக்காம் தம்பி," என்றார், வெட்கப்பட வேண்டிய ஏதோ ஒன்றைச் சொல்வதுபோல.

அறிவித்தல் வந்த அன்று தன் அறைக்கு என்னை வரச் சொன்னார். கைபேசியை மேசையில் வைத்துத் தொட்டார். அது தெளிவாக வாசித்தது: "படம். வெள்ளைத் தாள். மேலே சின்னம். நடுவில் எழுத்துகள். கீழே ஊதா நிற முத்திரையும் கையொப்பமும்."

மீண்டும் தொட்டார். மீண்டும் அதே வெள்ளைத் தாள்.

"நல்லா விவரிச்சிருக்கினம்," என்றார். "நீ படிப்பிச்ச பிள்ளையளெல்லே."

நான் வாசித்துக் காட்டுகிறேன் என்றேன். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கரண்ட் பில், மருத்துவச் சீட்டு, அப்பாவுக்குத் துறைமுகத்திலிருந்து வரும் கடிதம், எல்லாவற்றையும் நான்தான் வாசிப்பேன். அதை உதவி என்றுதான் நினைத்திருந்தேன். "நீ வாசிச்சா அது உன்ட காயிதம் மாதிரித்தான் கேக்குது," என்று அம்மா ஒருமுறை சொன்னபோது எனக்கு விளங்கவில்லை.

அண்ணை தலையாட்டினார். "வேண்டாம். எனக்கு வாசிக்க ஏலுமெண்டு சொன்னவை அவையள். அவையளிட்டையே கேப்பம்."

அடுத்த நாள் போனோம். விஷயத்தைச் சொன்னதும் மிஸ்ஸின் முகம் வாடிப் போனது. "நீங்க சொல்லித் தந்த மாதிரியே தலைப்பெல்லாம் போட்டு டைப் பண்ணினம் சேர். ஆனா கையொப்பமும் சீலும் இல்லாட்டி அது அறிவித்தல் இல்லையே. அதனால பிரிண்ட் எடுத்து, பெரியவர்ட்ட சைன் வாங்கி, சீல் அடிச்சு, படமாப் போட்டம். படத்துக்கு விளக்கமும் எழுதினமே."

"டைப் பண்ணினதை எனக்கு அனுப்ப ஏலாதோ?"

"சீல் இல்லாததை எப்படி சேர் வெளிய குடுக்கிறது?" என்னைப் பார்த்தார். "நீங்க வாசிச்சுக் காட்டலாம்தானே?"

காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது அண்ணையே, "சரி, வாசி," என்றார். வாசித்தேன். தகைமைகள் அத்தனையும் அவரிடம் இருந்தன. கடைசி வரிக்கு வந்ததும் என் குரல் தானாக இறங்கிவிட்டது. விண்ணப்பம் விண்ணப்பதாரரின் சொந்தக் கையெழுத்தில் எழுதப்பட வேண்டும்.

"அதைத் திருப்பி வாசி."

வாசித்தேன்.

"நான் எழுதித் தாறன் அண்ணை. ஆருக்குத் தெரியப் போகுது?"

"பிறகு அந்த வேலைக்கும் நீயே போ."

தானே தட்டச்சு செய்து, அச்சிட்டு, பெருவிரல் அடையாளம் வைத்து அனுப்பினார். விண்ணப்பம் நிபந்தனைக்கு அமைவாக இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலை மட்டும் என்னையே வாசிக்கச் சொன்னார். பிறந்தநாளும் வந்து போனது. நான் கேக் வாங்கிக்கொண்டு போகவில்லை.

அதற்குப் பிறகுதான் மிஸ் எனக்கு அழைப்பெடுத்தார். இரண்டாம் கட்டப் பயிற்சி. "அந்த சேரையும் கூட்டிட்டு வாங்க. அவர் வந்தாத்தான் ஆக்கள் கவனிச்சுக் கேப்பாங்க. இப்ப எங்கட தளத்தில எல்லாப் படத்துக்கும் விளக்கம் இருக்கு. அவரையே பாக்கச் சொல்லுங்க."

சொன்னேன். அண்ணை கைபேசியை எடுத்துத் தளத்தைத் திறந்தார். முதற்பக்கத்திலேயே கைபேசி வாசித்தது: "குழுப்படம். நடுவில் பார்வையற்ற பயிற்சி வளவாளர் நிற்கிறார். சிரிக்கிறார்."

"நான் சிரிச்சனானோ தம்பி?"

"ஓம் அண்ணை."

கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். "அந்தப் படத்தைத் தளத்தில இருந்து எடுக்கச் சொல்லு. பயிற்சிக்கு நீ போ. நான் வரேல்லை."

மிஸ்ஸுக்கு அழைப்பெடுத்துப் படத்தை எடுக்கச் சொன்னேன். அவருக்கு மனம் நொந்துபோனது குரலில் தெரிந்தது.

"ஏன், விளக்கத்தில பிழை ஏதும் இருக்கா?"

"இல்லை மிஸ்," என்றேன். "சரியாத்தான் எழுதியிருக்கீங்க. எண்டாலும் எடுத்திடுங்க."