கொக்கா, கவரா?

இன்று காலை எங்கள் தெருக்காரர்களுக்குப் பறவை காட்ட, மட்டாஞ்சேரி படகுத்துறையிலிருந்து படகில் அழைத்துப் போனேன். பல நாள் கெஞ்சி வரவழைத்த கூட்டம்.

வல்லார்பாடம் பக்கம் போயும் காக்கைகள்தான். ஒவ்வொருவராகப் போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அப்போது கரையோரக் கண்டல் புதரில் வெள்ளையாக ஒன்று சிறகடித்தது.

"கொக்கு! கொக்கு!" என்று கத்தினேன்.

படகுக்காரச் சேட்டன் கிட்டே ஓட்டிப் போய்க் காட்டினார். "கவராணு, சாரே."

வேரில் சிக்கிய பிளாஸ்டிக் கவர்.

"ஆனாலும் நன்னாப் பறக்கறது," என்றார் எதிர்வீட்டு ராஜி மாமி. படகே சிரித்தது. நானும்தான்.

திரும்பும்போது அதே கரையில், குப்பைக்கு நடுவே, இன்னொரு வெள்ளை. இந்த முறை வளைந்த கழுத்தைக்கூடப் பார்த்தேன்.

"மாமி, அங்கே பாருங்கோ, நிஜமாவே கொக்கு!"

மாமி போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "விடுங்கோ, அதுவும் கவராக்கும்."

யாரும் திரும்பவில்லை. படகும் நிற்கவில்லை. அவசரமாக ஒரு போட்டோ எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து அதைப் பெரிதாக்கிப் பார்க்கப் பார்க்க, எனக்கே சந்தேகம் வருகிறது.

போட்டோ கீழே இருக்கிறது. கொக்கு என்று ஒருத்தராவது சொல்லுங்கள். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.