அம்மா தூங்கும் நேரத்துப் பாட்டு

எங்கள் அண்ணனுக்கு ஓர் இடத்தில் சும்மா உட்காரத் தெரியாது. உட்கார்ந்தாலும் ஏதாவது ஒன்று ஆடிக்கொண்டே இருக்கும். சாப்பிடும்போது கால் ஆடும். பல் துலக்கும்போது தலை ஆடும். லிப்டுக்குக் காத்திருக்கும்போது அதன் இரும்புக் கதவில் விரல்கள் தாளம் போடும். ஜெலுத்தோங்கில் நாங்கள் இருந்த அடுக்குமாடியில் லிப்ட் சீக்கிரம் வந்ததாகச் சரித்திரமே இல்லை. அதனால் பதினோராம் மாடியில் இருந்த அத்தனை பேருக்கும் அண்ணனின் தாளம் மனப்பாடம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்குப் பத்து வயது, அண்ணனுக்குப் பத்தொன்பது. அப்பா லாரி ஓட்டினார். தெற்கே போனால் வாரக் கடைசியில்தான் முகத்தைப் பார்க்கலாம், சில வாரங்களில் அதுவும் இல்லை. அம்மாவுக்குப் பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்க்கும் வேலை. காலையில் வந்து சமைத்து வைத்துவிட்டுப் படுத்தால் மாலையில்தான் எழுவார். ஆகவே எங்கள் வீட்டில் பகலில் யாரும் சத்தமாகப் பேசியதில்லை. கரண்டி கீழே விழுந்தால் கரண்டியையே முறைப்போம். பள்ளியில் ஆசிரியைகள் என்னைக் கூச்ச சுபாவம் உள்ள பிள்ளை என்பார்கள். குரலை உயர்த்திப் பழக இடம் கிடைக்காத பிள்ளை என்று சொல்லியிருந்தால் இன்னும் சரியாக இருந்திருக்கும்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் அண்ணனும் அவன் கூட்டாளிகளும் ராப் பாட்டுப் பதிவு செய்தார்கள்.

வேறு இடம் இல்லை என்பதுதான் காரணம். கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவரிடம் இரண்டு கேசட் போடும் பெரிய ரேடியோ இருந்தது. அவரை நான் ரேடியோ அண்ணன் என்பேன். இன்னொருவர் நிபோங் திபால் பக்கத்திலிருந்து, பைராம் தோட்டத்து வீட்டிலிருந்து, மோட்டார் சைக்கிளில் அவ்வளவு தூரம் வருவார். அவர் தோட்டத்து அண்ணன். வாயாலேயே மத்தளமும் டிரம்மும் வாசிப்பார். ரேடியோ அண்ணன் வீட்டில் ஒன்பது பேர். தோட்டத்து அண்ணன் வீட்டுப் பக்கம் நாய்கள். எங்கள் வீட்டில்தான் அமைதி இருந்தது. அந்த அமைதி அம்மாவுடைய தூக்கம். அதைக் கலைக்காமல் அதற்குள்ளேயே பாடிவிட வேண்டும் என்பதுதான் இவர்கள் போட்ட திட்டம்.

அண்ணன் எங்கள் தீவுக்கு அக்கரையில் இருந்த செபராங் ஜெயாவில் மின்சார வேலை கற்றுத்தரும் வகுப்புக்குப் போய்வந்தான். காலையில் பெர்ரி ஏறினால் மதியம் இரண்டு மணிக்கு வீட்டில் இருப்பான். மூன்று மணிக்கு மற்ற இருவரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வருவார்கள். முன்னறையில் இருந்த துணி அலமாரியைத் திறந்து, அம்மாவின் சேலைகளுக்கு நடுவில் தலையை விட்டு, ரேடியோவோடு வந்த சின்ன மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு பாடுவார்கள். பாடுவார்கள் என்று சொல்வது சரியில்லை. கிசுகிசுப்பார்கள். தாளத்துக்கு ஏதாவது ஒரு பழைய கேசட்டிலிருந்து இரண்டு நொடி இசையை எடுத்து, நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி அதையே எடுத்து, இப்படி நூறு தடவை ஒட்டுவார்கள். ஒரு பாட்டுக்கான தாளம் செய்ய மூன்று மதியங்கள் ஆகும். அந்த மூன்று மதியமும் மூன்று பேரின் முட்டிகளும் ஆடிக்கொண்டே இருக்கும். கதவிடுக்கு வழியாகப் பார்க்கும் எனக்கே எங்காவது ஓட வேண்டும்போல் இருக்கும்.

கேசட்டுகள் மெல்லப் பரவின. எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் ஒருவர் அட்டைக்குப் படம் வரைந்தார், இன்னொருவர் அதை அலுவலகத்தில் யாருக்கும் தெரியாமல் நகலெடுத்துக் கொடுத்தார். கேட்டவர்கள் தாங்களும் எழுதிக்கொண்டு வந்தார்கள். மாடிப்படியில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்காட்டினார்கள். 'பதினோராம் மாடி' என்று கூட்டத்துக்குப் பெயரும் வந்துவிட்டது. அந்தத் தடித்த, அடங்கிய குரல்தான் எல்லாரையும் இழுத்தது. யாரையோ மிரட்டுவதுபோல் இருக்கிறது என்றார்களாம். மிரண்டுபோய் இருந்தவர்கள் பாடியவர்கள்தான் என்பது கேசட்டில் தெரியாது.

இந்தக் கூட்டத்தில் எனக்கும் ஒரு பொறுப்பு இருந்தது. பள்ளி விட்டு வந்ததும் அம்மாவின் பக்கத்தில் படுத்துக்கொள்வது என் வழக்கம். அம்மா புரண்டால் சுவரில் ஒரு தட்டு, எழுந்தால் இரண்டு தட்டு. நான் தட்டியதும் பக்கத்து அறையில் உலகமே நின்றுவிடும். வகுப்பில் கையைத் தூக்கக்கூட பயந்த எனக்கு அந்த அதிகாரம் பிடித்திருந்தது.

ஒருநாள் அண்ணன் புதுப்பாட்டு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தான். அலமாரி ஒட்டியிருந்த மெல்லிய சுவர் வழியாக ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"காலையில பெர்ரி ஏறுறேன், அக்கரையில எறங்கல,
கிளாசுக்குப் போறேன்னு சொன்னேன், மூணு மாசமா போகல,
மைக்ராஸ்கோப்புல அம்மா கண்ணு, என்னை மட்டும் தெரியல."

கேட்டுக்கொண்டே திரும்பினால், அம்மாவின் கண்கள் திறந்திருந்தன. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதுதான் விழித்தவரின் கண்கள் இல்லை அவை. நான் சுவரைத் தட்டக் கையை ஓங்கினேன். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தட்டாதம்மா."

"முழிச்சிட்டீங்களா?"

"எப்பத் தூங்குனேன், முழிக்கறதுக்கு? அவங்கிட்ட சொல்லாத. சொன்னா எழும்பிப் போயிருவானுங்க."

நான் சொல்லவில்லை. அதன்பிறகு ஐந்து வாரம் அம்மா கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தார், நான் பக்கத்தில் படுத்திருந்தேன், சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் அம்மாவை எழுப்பிவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். பெர்ரி பாட்டு வரும்போது மட்டும் அம்மா எழுந்து உட்கார்ந்து சுவரில் காதை வைப்பார். பாட்டு முடிந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். மாலையில் தேநீர் கலக்கும்போது, "இன்னிக்கி கிளாஸ் எப்படிடா?" என்று கேட்பார். "ஓகேம்மா," என்பான் அண்ணன், கட்டைவிரலால் மேசையைத் தட்டிக்கொண்டே. அம்மா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு சீனி போதுமா என்று கேட்பார். தினமும் இதே கேள்வி, இதே பதில். எனக்கு அலுத்துப்போகும்.

அந்தப் பாட்டு எனக்கும் மனப்பாடம்தான். ஆனால் பாட்டில் வருவதை யார் உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள்? படத்தில் கதாநாயகன் நிலாவைப் பறித்துவருகிறேன் என்று பாடுகிறான். யாராவது ஏணி கொண்டுவந்தார்களா?

அப்போதுதான் எங்கள் அடுக்குமாடியின் பொதுமண்டபத்தில் இளைஞர் மன்றம் ஒரு கலைப்போட்டி வைத்தது. ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு. டவுனில் கேசட் கடை வைத்திருந்த ஒருவர் வருவதாகவும், நன்றாக இருந்தால் இவர்களுடைய கேசட்டைத் தம் கடையில் வைத்து விற்பதாகச் சொன்னதாகவும் ரேடியோ அண்ணன் செய்தி கொண்டுவந்தார். அன்றிலிருந்து அண்ணனின் ஆட்டம் இரண்டு மடங்கானது. அந்த வாரம் ஏழு மதியமும் அலமாரிக்குள் தலையை விட்டு ஒத்திகை பார்த்தார்கள். ஒரு மூச்சுகூடத் தவறவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் கேசட் கடைக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று பேரும் மேடை ஏறினார்கள். ஆளுயர ஸ்பீக்கர்களில் அவர்கள் ஒட்டிய தாளம் கிளம்பியதும் நாற்காலிகளே அதிர்ந்தன. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது, அவ்வளவு பெருமை. அண்ணன் மைக் முன்னால் வந்து பெர்ரி பாட்டைத் தொடங்கினான்.

ஒன்றும் கேட்கவில்லை.

உதடு அசைந்தது. கை ஆடியது. குரல் மட்டும் இல்லை. ஆறு மாதமாகக் கிசுகிசுத்தே பழகிய தொண்டை, மேடையிலும் அம்மா தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டது போலும்.

"டேய், சாமி கும்புடுறியா, பாடுறியா?" என்று ஒரு குரல் வந்தது.

"சத்தமா லா, அண்ணே! மைக்குக்கா கதை சொல்ற?"

மண்டபம் சிரித்தது. அண்ணன் குரலை உயர்த்தப் பார்த்தான். இரண்டாவது அடியில் அது கீச்சென்று உடைந்தது. சத்தமாகச் சொன்னால் மூச்சு போதவில்லை, தாளம் முன்னால் ஓடிவிட்டது. தோட்டத்து அண்ணன் கைகொடுக்க நினைத்து வாயைத் திறந்தார், அவருக்கும் காற்றுதான் வந்தது. கேசட் கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். இது என் தவறு என்று எனக்கு அப்போது பட்டது. அம்மா விழித்திருக்கிறார் என்று அன்றே சொல்லியிருந்தால் இவர்கள் வாய்விட்டுப் பாடிப் பழகியிருப்பார்களே!

அப்போது பின்பக்கத்துக் கதவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எங்கள் வீட்டுச் சத்தம்தான், ஆனால் அந்த அளவில் நான் அதைக் கேட்டதே இல்லை.

"டேய்! அம்மா தூங்கலடா!"

தொழிற்சாலைச் சீருடையில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மா நின்றிருந்தார். வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்திருக்கிறார்.

"வீட்லயும் முழிச்சிக்கிட்டுத்தான்டா இருந்தேன், எல்லா நாளும்! எல்லாம் கேட்டேன்! சத்தமா சொல்லு, ஒன்னும் இல்ல!"

மண்டபம் இன்னும் பெரிதாகச் சிரித்தது. அவர்களுக்கு என்ன தெரியும்? எனக்கோ நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. இனி யாரும் எதையும் மறைக்க வேண்டாம். அண்ணன் இப்போது பாடப்போகிறான் என்று நாற்காலி மேல் ஏறி நின்றேன்.

அண்ணன் அம்மாவைப் பார்த்தான். அவன் கையும் காலும் நின்றன. விரல்கூட அசையவில்லை. அவன் அப்படி நின்று அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தாளம் மட்டும் தன்னால் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மைக்கை அதன் இடத்தில் மெதுவாக வைத்துவிட்டு, மேடையிலிருந்து குதித்து, பக்கத்துக் கதவு வழியாக வெளியே போய்விட்டான்.

நான் கூட்டத்துக்குள் புகுந்து வெளியே ஓடிவந்தபோது, சாலையோரம் தொழிற்சாலை பஸ் நிற்கும் இடத்தில் இருவரும் நின்றிருந்தார்கள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணு மாசமும் பெர்ரியிலயாடா?" என்று கேட்டார் அம்மா. பழைய மெல்லிய குரல்.

"ம்."

"வெயில்ல எங்க குந்தியிருந்த?"

"மேல் தட்டுல. காத்து வரும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? தெனமும் கேட்டேனே."

அண்ணன் தலையை நிமிர்த்தினான். "சொன்னேனேம்மா. நீங்க தூங்கறீங்கன்னு நெனச்சித்தான் சொன்னேன்."

நான் இருவருக்கும் நடுவில் போய் நின்றேன். என் பங்கைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது.

"ண்ணே, எனக்கு அஞ்சு வாரமாத் தெரியும். அம்மா சுவத்துல காத வச்சிக் கேப்பாங்க. பெர்ரி பாட்டுன்னா எழும்பி உக்காந்துருவாங்க."

இதைக் கேட்டால் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். தன் பாட்டு ஒருவருக்கு அவ்வளவு பிடித்திருக்கிறதே. அவனோ முகத்தைத் திருப்பிக்கொண்டான். முதுகு மட்டும் குலுங்கியது. அதுவும் ஒரு தாளம் என்றுதான் நினைத்தேன். அம்மா அந்த முதுகில் கையை வைத்தார், எடுக்கவில்லை.

"அது சும்மா பாட்டுதானேம்மா?" என்று கேட்டேன்.

தொழிற்சாலை பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஒருவர், "அக்கா, ஏறலையா?" என்று கேட்டார். அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஓட்டுநர் இரண்டு முறை ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

அம்மாவுக்கு இன்றைக்கு லீவு என்று எனக்கு ஒரே மகிழ்ச்சி. அந்தச் சாலையோரத்திலேயே குதித்துக் குதித்து அதைச் சத்தமாகச் சொன்னேன்.